மாடியில் உட்கார்ந்த புறாவைக் கூண்டுக்குள் இறக்கிய கதை

காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு ஹோமர் புறாக்கள், எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள். போன வருஷம் விஜயவாடாவில் இருந்து விட்ட பந்தயத்தில், நேர்க்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர் பறந்து முதலில் வந்தது என் சாம்பல் பெட்டைதான், ஆனால் வந்து என்ன, பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் மேல் உட்கார்ந்து பதினெட்டு நிமிஷம் இறகு கோதிக்கொண்டிருந்தது. காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்தில் போட்டால்தான் நேரம் கணக்கு. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

தப்பு என்னுடையதுதான். பறக்கவிடும் முன்பே வயிறு நிறையத் தீனி போட்டுவிடுவேன், வெளியிலும் இறைப்பேன். அப்புறம் எதற்கு உள்ளே வரும்?

அதனால் மாற்றினேன். காலையில் கொஞ்சம்தான், சாயங்காலம் பசியோடு பறக்க விட்டு, பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் கம்பும் பட்டாணியும் போட்டுக் குலுக்கிய பிறகு, தீனி கூண்டுக்குள் மட்டும். மூன்று வாரத்தில் சத்தம் கேட்டாலே விழுந்தடித்து இறங்கின. பந்தய நாளில் தம்பியையும் அவன் கூட்டாளிகளையும் கீழேயே நிறுத்திவிட்டேன், புது முகம் பார்த்தால் மிரளும்.

இந்த முறை ஆறும் திரும்பின. சாம்பல் பெட்டை இரண்டாவது, வந்ததும் நேரே உள்ளே.