ஸ்காட்ஸின் ‘வுட்’: கோபமா, வெறியா?

ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியில் ‘வுட்’ (wud) என்றால் வெறிபிடித்த, கடுஞ்சினம் தலைக்கேறிய என்று பொருள். இதைப் பற்றி எழுதப் புகுமுன் மொழி எதுவென்று தெளிவாக வேண்டும். ஸ்காட்லாந்தின் கேலிக் வேறு மொழி, கெல்டிக் மொழிக்குடும்பம். அதில் சினம் ‘ஃபெரக்’. ஸ்காட்ஸ், ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. ஆகவே ‘வுட்’ ஆங்கிலச் சொல்லின் கொச்சை வடிவம் என்பதும் பிழை. பழைய ஆங்கில ‘வோட்’ இரண்டுக்கும் பொதுச்சொத்து. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட ஆங்கிலத்தில் உயிரோடிருந்தது. பிறகு ஆங்கிலம் கைவிட்டது, ஸ்காட்ஸ் வைத்துக்கொண்டது.

அதிகம் ஏமாற்றுவது மரம்தான். மரத்துக்கான பழஞ்சொல் ‘வுடு’. ஒலி மாறி மாறி, ஸ்காட்ஸில் அதுவும் ‘வுட்’ போலவே வந்து நின்றது. எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது, முன்னால் வரும் வினையைப் பாருங்கள். ‘போ’ என்னும் ‘கேங்’, ‘ஓடு’ என்னும் ‘ரின்’ முன்னால் நின்றால் பெரும்பாலும் வெறிதான். 1786இல் வெளிவந்த தொகுப்பில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், விஸ்கி வடிசாலைச் சட்டத்தால் ஸ்காட்லாந்து அன்னையே ‘ரெட்-வுட்’ ஆகி ஓடும் நிலையில் இருக்கிறாள் என்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவள் செம்மரமாகிவிடுவாள்!

இன்னொரு பிழை, ‘வோடன்’ என்ற பழைய ஜெர்மானியக் கடவுளின் பெயரிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்பது. திசை தலைகீழ்: வெறியைக் குறிக்கும் வேரிலிருந்துதான் கடவுளின் பெயர். 11ஆம் நூற்றாண்டிலேயே பிரெமனின் ஆடம் என்ற வரலாற்றாசிரியர், வோடன் என்றால் சீற்றம் என்று லத்தீனில் எழுதிவைத்தார். ஜெர்மனின் ‘வூட்’ (சினம்) இதே கிளை. லத்தீனில் அருள்வாக்கு சொல்பவரைக் குறிக்கும் ‘வாட்டெஸ்’ தூரத்து உறவு.

அதனால் ‘கோபம்’ என்று பெயர்ப்பது போதாது. வெறிநாய், வெறியாட்டு, கொலைவெறி மூன்றையும் தாங்கும் நம் ‘வெறி’ கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருள் ஒத்துப்போகிறதே என்று இரண்டுக்கும் ஒரே வேர் கற்பித்துவிட வேண்டாம். ஒலியில் எந்தத் தொடர்பும் இல்லை.

அகராதியில் இந்தச் சொல்லைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றால் பாதி வரலாறு கைநழுவும். 1700 வரையிலான சான்றுகள் 12 தொகுதிப் பழைய ஸ்காட்ஸ் அகராதியில் உள்ளன; அங்கே சொல்லின் நடுவில் யு (u) அல்ல, ஓ (o). அதற்குப் பிந்தியவை 10 தொகுதி தேசிய அகராதியில். 2004 முதல் இரண்டும் இணையத்தில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன; இரு பதிவுகளையும் திறந்து பாருங்கள்.