குடும்பக் கணக்கெடுப்புத் தரவை ஆராய்ச்சிக்குப் பெறுவது எப்படி?

அறிக்கைகளில் அச்சாகும் அட்டவணைகள் ஆராய்ச்சிக்குப் போதுவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு நபரும் அளித்த பதில்கள் தனித்தனி வரிகளாகப் பதிவாகியிருக்கும் நுண்தரவுதான் வேண்டும். அதைத் தேடும் முன், குடும்பம், நபர், குழந்தை ஆகியவற்றுள் எதை அலகாகக் கொள்கிறீர்கள் என்பதையும், எந்த நிலப்பரப்பைப் பற்றி முடிவு சொல்லப் போகிறீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மாகாண அளவில் மதிப்பிடுவதற்காக மாதிரி எடுத்த கணக்கெடுப்பில் மாவட்டக் குறியீடு இருந்தாலும், அதிலிருந்து கணக்கிடும் மாவட்ட விகிதத்தை நம்ப முடியாது.

எங்கே தேடுவது என்பதைப் பொருளே தீர்மானிக்கும். மகப்பேறு, குழந்தை நலம், ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கு 1984இல் தொடங்கி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துள்ள டி.எச்.எஸ். (மக்கள்தொகை, சுகாதார) கணக்கெடுப்பும், யுனிசெஃப் ஆதரவுடன் நடக்கும் மிக்ஸ் (பல்குறியீட்டுக் கொத்து) கணக்கெடுப்பும் முதன்மையானவை. நுகர்வு, வேளாண்மை, வாழ்க்கைத்தரம் என்றால் உலக வங்கி 1980இல் தொடங்கிய எல்.எஸ்.எம்.எஸ். (வாழ்க்கைத்தர அளவீட்டு ஆய்வு) திட்டத்தைப் பார்க்கலாம். நாடுகளின் வருமானத்தை ஒப்பிடுவோருக்கு லக்சம்பர்க் வருமான ஆய்வு மையம் உண்டு. எந்தக் கணக்கெடுப்பு பொருந்தும் என்று தெரியாதபோது உலக வங்கியின் நுண்தரவு நூலகத்திலும், பன்னாட்டுக் குடும்பக் கணக்கெடுப்பு வலையமைப்பின் பட்டியலிலும், அந்தந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் தளத்திலும் தேடுவது நல்லது.

தரவுக் கோப்பைவிட வினாத்தாளை முதலில் பதிவிறக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் அதற்கு அனுமதி தேவைப்படாது. உணவுச் செலவைக் கடந்த 7 நாட்களுக்குக் கேட்டார்களா, 30 நாட்களுக்குக் கேட்டார்களா என்பதைப் பொறுத்தே மதிப்பீடு மாறிவிடும். ஆகவே ஒரே பெயருள்ள மாறி (ஒரு கேள்விக்கான பதில்கள் பதிவாகும் பத்தி) கணக்கெடுப்பின் இரு சுற்றுகளில் இருப்பதால் மட்டும் அவற்றை ஒப்பிட்டுவிட முடியாது. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது, யார் விலக்கப்பட்டார்கள் என்பதையும் வினாத்தாள்தான் காட்டும். இதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால், பொருந்தாத தரவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேராது.

அனுமதி முறைகள் ஒரே மாதிரியானவை அல்ல. சில கோப்புகளை நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றுக்கு உரிம விண்ணப்பம் தேவை. அடையாளம் வெளிப்படக்கூடிய தரவைப் பாதுகாக்கப்பட்ட கணினி அறைக்குள் மட்டுமே பயன்படுத்த முடியும். லக்சம்பர்க் மையத்தில் நுண்தரவு ஆய்வாளரின் கைக்கு வருவதே இல்லை. நிரலை அனுப்பினால் முடிவுகள் மட்டும் திரும்பி வரும். விண்ணப்பத்தில் "வறுமை பற்றிய ஆய்வு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ஆய்வுக் கேள்வி, தேவைப்படும் கோப்புகள், பகுப்பாய்வு முறை, தரவைச் சேமிக்கும் இடம் ஆகியவற்றைச் சில வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லுங்கள். டி.எச்.எஸ். முறையில் புவியிட ஆயத்தொலைகளை (அட்சரேகை, தீர்க்கரேகை) தனியாகக் கேட்டுக் காரணம் காட்ட வேண்டும். அவையும் அந்தரங்கம் காக்கும் பொருட்டு நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறத்தில் 5 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறக் கொத்துகளில் (மாதிரிக்காக ஒன்றாகத் தேர்ந்தெடுத்த அருகருகே உள்ள குடும்பங்களின் தொகுதிகளில்) 1 சதவீதத்துக்கு 10 கிலோமீட்டர் வரையும் இடம் நகர்த்தப்பட்டவை. ஆகவே மிகச் சிறு தொலைவுகளை அளக்க உதவா. கிடைத்த கோப்பை உடன் பணிபுரிபவருக்கு அனுப்புவது பெரும்பாலான உரிமங்களுக்கு முரணானது.

அனுமதி என்றும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது அந்த நிதியில் நடந்துவந்த டி.எச்.எஸ். திட்டம் முடங்கி, தரவு விண்ணப்பங்களும் தேங்கின. வினாத்தாள், மாறி விளக்கக் கையேடு, மாதிரி வடிவமைப்பு ஆவணம் ஆகியவற்றின் பிரதிகளைத் தரவுடன் அன்றே சேமித்துவிடுவது விவேகம்.

கோப்பு வந்ததும் ஆய்வைத் தொடங்கிவிடாமல், அதிகாரபூர்வ அறிக்கையின் ஓர் அட்டவணையை நீங்களே மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். மாதிரி எடையை (ஒவ்வொரு பதிலும் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்பதைச் சரிக்கட்டும் எண்ணை) சேர்க்காவிட்டால் எண்கள் பொருந்தா, டி.எச்.எஸ். கோப்புகளில் எடை தசமப்புள்ளி இன்றிப் பதியப்பட்டிருப்பதால் அதை 10,00,000ஆல் வகுக்க வேண்டும். திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு மாறுபடக்கூடும் என்பதன் அளவை) கணக்கிடக் கொத்து, அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் பிரித்த நகர்ப்புறம், கிராமப்புறம் போன்ற பிரிவு) ஆகியவற்றின் மாறிகளும் தேவை. அப்போதும் பொருந்தவில்லையெனில், அட்டவணை எண், கோப்பின் பெயர், பதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தரவு வழங்குநருக்கு எழுதிக் கேளுங்கள்.