பேட்டரி மிகையாகச் சார்ஜ் ஆவதற்கான காரணத்தைக் கண்டறிவது எப்படி?

டிஸ்டில்டு வாட்டர் விரைவில் வற்றிவிடுவது, அழுகிய முட்டையின் நாற்றம் வருவது, பேட்டரியின் பக்கங்கள் உப்புவது, இஞ்சின் வேகம் கூடும்போது முகப்பு விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்து பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆவது ஆகியவை மிகை மின்னேற்றத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் பலர் புதிய பேட்டரியை வாங்கிவிடுகிறார்கள். கோளாறு மின்னேற்றும் அமைப்பில் இருந்தால் அந்தப் புதிய பேட்டரியும் இதே போலக் கெட்டுவிடும் என்பதால், முதலில் அளந்து பார்ப்பதே முறை. இங்கே தரப்படும் அளவுகள் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும்.

மிகையாகச் சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அது ஒரு சிறு தீப்பொறியிலும் வெடிக்கக்கூடியது. ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். பேட்டரி உப்பியோ தொட முடியாத சூட்டிலோ இருந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு விலகி, அது ஆறும் வரை காத்திருங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் அறவே வேண்டாம். அப்போது மின்னழுத்தம் திடீரென எகிறி வண்டியின் மின்னணுப் பாகங்களைப் பாழாக்கிவிடும்.

முதலில், சில மணி நேரம் ஓய்விலிருந்த பேட்டரியின் இரு டெர்மினல்களில் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சார்ஜ் செய்த பிறகும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் ஆறு செல்களுக்கான மின்னழுத்தத்தை ஐந்து செல்களே தாங்க வேண்டியிருப்பதால், ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) சரியாக இருந்தும் பேட்டரி கொதிக்கும். இந்த நிலையில் பேட்டரியை மாற்றுவதே தீர்வு.

அடுத்து, இஞ்சினை ஓடவிட்டு, வேகத்தை நிமிடத்திற்கு 1500 முதல் 2000 சுழற்சிகளில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அதே இடத்தில் அளவிடுங்கள். பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். தொடர்ந்து 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலோ, வேகம் கூடக்கூட அளவும் ஏறிக்கொண்டே போனாலோ மிகை மின்னேற்றம் உறுதி. குளிர் காலத்தில் கணினி வழிக் கட்டுப்பாடுள்ள வண்டிகள் சற்று நேரம் 15 வோல்ட்டை நெருங்குவது இயல்பே. மல்டிமீட்டரின் சொந்த பேட்டரி பலவீனமாக இருந்தால் சில மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகு நேரே ரெகுலேட்டரைக் குற்றம் சொல்வது அவசரம். ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் பாகமான ரெகுலேட்டர், தன்னிடம் வந்து சேரும் மின்னழுத்தத்தைப் பார்த்தே மின் உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பேட்டரியிலிருந்து அதற்குத் தகவல் கொண்டுவரும் சென்ஸ் வயரின் கனெக்டரில் துரு ஏறி 0.8 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டால், தன்னிடத்தில் 14.2 வோல்ட் இருக்குமாறு அது ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் வேளையில் பேட்டரி 15 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டறிய, இஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் சென்ஸ் முனையிலும் வையுங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரையும் கனெக்டரையும் சரிசெய்யுங்கள். ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு வெளியே தனியாகப் பொருத்தப்பட்டிருந்தால், அதன் உலோக உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் இடையிலும் இதே அளவை எடுங்கள். எர்த் இணைப்பு பழுதானாலும் ரெகுலேட்டர் இப்படியே ஏமாறும்.

வயரும் எர்த்தும் சரியாக இருந்து, அளவு இன்னும் 15 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் ரெகுலேட்டரை மாற்றலாம். அது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் வண்டிகள் பலவற்றில் தனியாகவும் கிடைக்கும். கணினி வழிக் கட்டுப்பாடுள்ள வண்டியானால், மாற்றும் முன் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளைப் படித்துவிடுங்கள். மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால், ஆறிய பிறகு குறியிட்ட அளவு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, லோடு டெஸ்ட் (மின்சுமை கொடுத்து பேட்டரியின் திறனைப் பார்க்கும் சோதனை) செய்து, இஞ்சினை ஓடவிட்டு மீண்டும் ஒருமுறை அளவிடுங்கள்.