வான் வண்டிக் கதவில் பூட்டிய சிபி அன்ரெனா: என் அனுபவம்

லைசென்ஸ் எடுத்து, 27 மெகாஹேர்ட்ஸ் சிபி ரேடியோவை (ஆக்கள் தங்களுக்குள்ள கதைக்கிற குறுந்தூர ரேடியோ) என்ர வான் வண்டியில பூட்டினன். அலைநீளத்தில காற்பங்கு நீளமான கம்பி அன்ரெனா எண்டால் கிட்டத்தட்ட 2.75 மீற்றர். எங்கட ஒழுங்கையளில அது வேலிக் கிளையில அடிபடும். அதால அடியில சுருள் உள்ள 1.2 மீற்றர் அன்ரெனாவை வாங்கி, பின்கதவு விளிம்பில கிளாம்ப் போட்டன்.

மைக்கை அமத்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். 3க்கு மேல. அன்ரெனாவுக்குப் போற சக்தி எவ்வளவு திரும்பி வருது எண்டதைக் காட்டுற அளவு அது, 1க்குக் கிட்ட இருந்தால்தான் நல்லது. 1ஆம் சனலிலயும் அப்பிடித்தான், 40ஆம் சனலிலயும் அப்பிடித்தான். கம்பி நீளம் கூடினால் 40இல கூடக் காட்டும், குறைஞ்சால் 1இல. ரெண்டிலயும் ஒரேயளவு எண்டால் நீளத்தில பிழையில்லை. இது தெரியாமல் மூண்டு நாள் கம்பியை ஏத்தி இறக்கினன், கேபிளும் மாத்தினன்.

நாலாம் நாள் கேபிளைக் கையால பிடிக்க மீற்றர் முள்ளு அசைஞ்சுது. அப்ப எர்த், அதாவது அன்ரெனா அடிக்கும் வண்டியின்ர உடம்புத் தகரத்துக்கும் உள்ள இணைப்பு, சரியில்லை. மல்டிமீற்றரில கிளாம்புக்கும் கதவுக்கும் தொடர்பு இருக்கு, கதவுக்கும் வண்டியின்ர உடம்புக்கும் இடையில இல்லை. பிணைச்சலுக்குள்ள பெயின்ற், அதுக்கு மேல உப்புக்காத்துத் துரு.

ரெண்டு பக்கமும் தகரம் தெரியச் சுரண்டி, பின்னல் செம்புப் பட்டியால இணைச்சு, கிரீஸ் பூசினன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.4க்கு இறங்கிச்சுது. பெரிய நிம்மதி. பட்டி ஒரு சாண் தான். முதல்ல போட்ட நீட்டு வயரில 2க்குக் கீழ இறங்கவேயில்லை.