மாத்திரையோடு தூக்கத்தையும் சரிசெய்ய: எந்த முனையில் பிடிப்பது?

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி ஆறு வாரம். அழுகை குறைந்திருந்தது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. கேட்டில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கண் அசரும். எழும்போது மணி 11. தூக்கம் கெட்டதால் மனம் சோர்ந்ததா, சோர்ந்ததால் தூக்கம் கெட்டதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "ரெண்டும்தான். ஒன்னை இழுத்தா இன்னொன்னும் கூட வரும்" என்றார். நான் இழுத்த விதம் இது. மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, அதோடு சேர்த்து.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள். படுத்தது, எழுந்தது, பகல் தூக்கம், காபி. 40 பக்க நோட்டு போதும். ஸ்மார்ட் வாட்ச் வேண்டவே வேண்டாம். காலையில் அது போடும் மார்க்கைப் பார்த்தே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

படி 2: எழும் நேரத்தை மாற்றாதீர்கள். இங்கேதான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். படுக்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு, 10 மணிக்கே விளக்கை அணைத்து, தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கிடந்தேன். தூக்கத்தை வா என்று கூப்பிட முடியாது. எழுந்து உட்கார முடியும். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருப்பி வைக்கிறது. ஞாயிறு 10 மணி வரை தூங்கினால் அன்று இரவு கொட்டக் கொட்ட விழித்திருப்பது அதனால்தான். நான் வைத்தது 6.15. இரவு எப்படிப் போனாலும் 6.15. முதல் பத்து நாள் கண் எரியும். அப்போது வண்டி ஓட்டாதீர்கள்.

படி 3: எழுந்ததும் வெளியே போங்கள், அரை மணி நேரம். ஜன்னலோரம் நின்றால் போதும் என்று நினைத்திருந்தேன். போனில் வெளிச்சம் அளந்து பார்த்தால் ஹாலில் 150 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), மேகம் மூடிய மொட்டை மாடியில் 6000! குளிர்காலச் சோர்வைப் பற்றி மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழு 1984-இல் எழுதியபின் பரவிய 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டி, குளிர் நாடுகளில் தேவைதான். மாடி இருக்கிறவர் அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

படி 4: மதியத்துக்கு மேல் காபி இல்லை. போன் அடுப்படியில் சார்ஜில் கிடக்கட்டும். அலாரத்துக்குப் பழைய டைம்பீஸ். தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: 3 மணிக்கே விழித்துக்கொள்வதாக ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் காலை வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் முன்னே தள்ளக்கூடும்; நேரத்தை மருத்துவரே சொல்லட்டும்.

பின்சேர்க்கை 2: இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்கள் படி 2, 3-ஐத் தாமாகத் தொடங்க வேண்டாம். தூக்கக் குறைவும் பலத்த வெளிச்சமும் மிகையெழுச்சியை, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் நிலையை, கிளப்பிவிடலாம். இன்னொன்று, முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது: நடு இரவில் உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டு, படி எல்லாம் அப்புறம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.