பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் சுவரைத் தடவிப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் வீடு மாறினான். குடியேறும் முன் படுக்கையறைக்கு மட்டும் தானே பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னதால் உதவிக்குப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் டப்பாவைத் திறந்து ரோலரை நனைத்துவிட்டான். "மாமா, சுவர் நல்லாத்தானே இருக்கு, நேரா அடிச்சிடலாமே?" என்றான். உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு இழு இழுத்துக் காட்டினேன். கை முழுக்க வெள்ளை.

முதன்முதலாக ரோலர் பிடித்த நாளில் நானும் இதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ அறைகளுக்கு அடித்தாயிற்று. புதிதாக இறங்கும் யாரைப் பார்த்தாலும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தரையில் விரிப்பு போடுவது, ஸ்விட்ச் போர்டை மூடுவது, பழைய துணி உடுத்துவது எல்லாம் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிட்டு, சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தூசியின் மேல் அடிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான்.

என் முதல் அறையில் இருந்தது பழைய டிஸ்டெம்பர் சுவர், அதாவது வெள்ளைப்பொடியைத் தண்ணீரில் கரைத்து அடிக்கும் மலிவான பூச்சு. விரிசல்களுக்குப் பட்டி பார்த்தேன், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், துடைப்பத்தால் மேலோட்டமாகத் தட்டிவிட்டேன். பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட், அதன்மேல் எமல்ஷன் என்ற தண்ணீர் கலந்த பெயின்ட் இரண்டு கோட். மூன்று நாள் வேலை. முடிந்த அன்று அறை அவ்வளவு அழகாக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை உரித்தேன். டேப்போடு பெயின்ட்டும் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த வெளிர்நீலம். பின்பக்கம் மாவு தூவினதுபோல வெள்ளை. விரல் வைத்தால் பொடி ஒட்டியது. பெயின்ட் நன்றாகத்தான் பிடித்திருந்தது. சுவரில் பிடிக்காமல் தூசியில் பிடித்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் புரிந்துகொண்டேன். எமல்ஷனில் பாலிமர் துகள்களும் நிறப்பொடியும் தண்ணீரில் கலந்திருக்கும். தண்ணீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். அப்போது படலம் லேசாகச் சுருங்கும், அடியில் இருப்பதைத் தன்னோடு இழுக்கும். கெட்டியான சுவர் என்றால் அந்த இழுப்பைத் தாங்கும். பொடியாக இருந்தால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் இழுப்பு கூடுகிறது. அதனால்தான் முதல் கோட்டில் ஒன்றும் தெரியாமல், இரண்டாவது கோட் காயும்போது மூலையில் ஒரு கொப்புளம் எழும்.

பொடி பல வழிகளில் வரும். பழைய டிஸ்டெம்பரிலும் வெள்ளையடித்த சுவரிலும், வெள்ளைப்பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு வருடக்கணக்கில் வலுவிழந்து போயிருக்கும். பட்டியைத் தேய்க்கும்போது கிளம்பும் மெல்லிய தூசி இன்னொன்று. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: பட்டி குழைக்கும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டால், காய்ந்த பிறகும் அது நகத்தால் சுரண்டினால் உதிரும் நிலையிலேயே இருக்கும். அதை எவ்வளவு துடைத்தாலும் தூசி வந்துகொண்டேதான் இருக்கும். எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

"அதுக்குத்தானே பிரைமர்? அது எல்லாத்தையும் பிடிச்சுக்கும்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் இப்போதும் கோபம் வருகிறது. லேசாகப் பொடி பூத்த சுவருக்குள் ஊறி இறங்கி அதை இறுக்குவது பிரைமரால் முடியும். மேலே தளர்ந்து கிடக்கும் தூசியைச் சுவரோடு சேர்த்து ஒட்ட அதனால் முடியாது. கெட்டியாக அடித்தால் இன்னும் மோசம், தூசிக்கு மேலே அதுவும் ஒரு தோல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பழைய டிஸ்டெம்பர் என்றால் ஈர ஸ்பாஞ்சால் நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, ஸ்க்ரேப்பரால் வழித்தெடுங்கள். கூழ் மாதிரி வரும். அறை அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்து, அதுவும் காய்ந்ததும் 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். தேய்த்து முடித்ததும் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியை இறக்குங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாக, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரைச் சுவரில் ஊற்றக்கூடாது, பட்டி ஊறிவிடும். துணியை அலசும் வாளியைக் கவனியுங்கள். முதல் இரண்டு தடவை தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, அது கலங்காமல் இருக்கும்வரை துடையுங்கள். கதவுக்கு மேலே, ஜன்னல் மூலை, தரையோடு சேரும் இடம் ஆகிய மூன்றிலும்தான் தூசி பதுங்கும்.

சுவர் காய்ந்ததும் கறுப்புத் துணியால் ஒரு இழு. வெள்ளைக் கோடு விழாவிட்டால் பிரைமருக்குப் போகலாம். டப்பாவில் சொன்ன அளவுக்கு மட்டும் தண்ணீர் கலந்து அடித்து, ஒரு இரவு காயவிடுங்கள். மறுநாள் கண்ணில் படாத ஒரு மூலையில் பிளேடால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப் சுத்தமாக வந்தால் தைரியமாக எமல்ஷனைத் திறக்கலாம். அக்கா மகன் அறையில் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் கூடுதலாக ஆனது. அன்று என் அறையில் அடித்ததை எல்லாம் சுரண்டி எடுக்க மட்டுமே நான்கு நாள் ஆனது. அதற்கு மேல் பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் மறுபடி வாங்கினேன்.

பழைய பெயின்ட்டை உலரத் தேய்ப்பது

வீடு பல பத்தாண்டு பழையது என்றால் அடியில் இருக்கும் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். கதவு, ஜன்னல்களில் அடித்த பழைய எனாமலில் முக்கியமாக. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சந்தேகம் இருந்தால் தேய்க்கவே வேண்டாம். முதலில் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஈரச் சுவரை மூடிவிடுவது

புதிதாகக் கட்டிய வீட்டில் பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாளாவது போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கனமான பூச்சாக இருந்தாலோ, காற்றோட்டம் இல்லாவிட்டாலோ இன்னும் அதிகமாகும். புது சிமென்ட் கடும் காரத்தன்மை கொண்டது. ஈரம் இருக்கும்வரை அந்தக் காரம் பெயின்ட்டைத் தாக்கும். எண்ணெய் சார்ந்த பெயின்ட் என்றால் சோப்பு மாதிரி பிசுபிசுத்துப் போகும். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் சுமந்து வந்து மேலே பூக்கவிடும்.

கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தெரிவதை நம்பாதீர்கள். அரை மீட்டர் அளவு பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. பழைய வீட்டில் அடிச்சுவரில் ஓதம் ஏறியிருந்தால், தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எந்த பெயின்ட்டும் நிற்காது.

பெயின்ட் பாதியில் தீர்ந்துபோவது

4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 14, உயரத்தால் பெருக்கினால் 42 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38. இரண்டு கோட்டுக்கு 76. ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். 10 என்றிருந்தால் 8 லிட்டர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்குங்கள். ஒரே நிற எண்ணில் கலக்கிய இரண்டு டப்பாக்களுக்குள்ளும் நிறம் மயிரிழை வித்தியாசப்படும். அது சுவரின் நடுவில் வந்து நின்றால் தினமும் கண்ணை உறுத்தும்.

ஓரம் இன்றைக்கு, நடுச்சுவர் நாளைக்கு

நான்கு சுவருக்கும் பிரஷ்ஷால் ஓரம் அடித்து முடித்துவிட்டு மறுநாள் ரோலர் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். காய்ந்த ஓரத்தின்மேல் புது பெயின்ட் ஏறும்போது படச்சட்டம் மாதிரி ஒரு பட்டை தெரியும். ஒரு சுவருக்கு ஓரம் அடியுங்கள், அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவரை ரோலரால் முடியுங்கள், அப்புறம் அடுத்த சுவர்.

பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொடுவது

தொடாதீர்கள். அடுத்த கோட்டில் சரியாகும்.

டேப்பை ஒரு வாரம் விட்டுவைப்பது

கடைசி கோட் இறுகும் முன்பே, சாய்வாக, மெதுவாக உரித்துவிடுங்கள்.

மறுநாளே பீரோவைச் சுவரோடு தள்ளுவது

குடியேறும் அவசரத்தில் இது நடந்துவிடுகிறது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பெயின்ட் முழுதாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான எமல்ஷனுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை பீரோவும் கட்டில் தலைமாடும் சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும், ஈரத்துணியால் சுவரைத் துடைக்கவும் வேண்டாம். மிச்சமான பெயின்ட்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் அறையின் பெயரையும் மேலே எழுதி வைத்துவிடுங்கள். ஆணி அடித்த ஓட்டையை மூடும் நாளில் தேவைப்படும்.