ஸ்கார்ம் பாடத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் முன்

"கடைசிவரை படித்துவிட்டேன், ஆனால் முடிக்கவில்லை என்றே காட்டுகிறது." வகுப்பறையிலிருந்து ஆன்லைனுக்கு மாறும் பயிற்சியாளர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. ஊழியர்மேல் பழியைப் போடுவதற்கு முன் பாடக் கோப்பைச் சோதியுங்கள். ஸ்கார்ம் என்பது ஆன்லைன் பாடமும் அதை நடத்தும் தளமும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிமுறை; அப்படிச் செய்த பாடம் ஒரு ஜிப் கோப்பாக இருக்கும்.

ஜிப்பைத் திறந்தால் ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு முதல் அடுக்கிலேயே தெரிய வேண்டும். ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்தால் அது ஓர் அடுக்கு உள்ளே போய்விடும். அப்போது எல்எம்எஸ், அதாவது பாடத்தை நடத்தி யார் முடித்தார் என்று பதியும் தளம், பாடத்தை ஏற்காமல் போகலாம். உள்ளே இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள்.

அடுத்தது நீளம். ஸ்கார்ம் 1.2-இல், விட்ட இடத்தையும் விடைகளையும் சேமிக்க 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். ஸ்லைடும் கேள்வியும் கூடக்கூட அது நிரம்பிவிடும். பிறகு எவ்வளவு படித்தாலும் பதிவாகாது. மறுபடி திறந்தால் பழைய இடத்திலேயே நிற்கும். எல்எம்எஸ் ஏற்குமானால் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் வெளியிடலாம், அது 64,000 எழுத்துகள் தாங்கும். ஆனாலும் பாடத்தை இரண்டு மூன்றாகப் பிரிப்பதே மேல். படிப்பவருக்கும் அதுதான் வசதி.

1.2-இல் 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டையும் பதிய ஒரே இடம்தான். எல்எம்எஸ் எதை எதிர்பார்க்கிறதோ அதையே வெளியிடும்போது தேர்ந்தெடுங்கள்.

சோதனையை நிர்வாகி கணக்கில் செய்யாதீர்கள். சாதாரண ஊழியர் கணக்கில் நுழைந்து, பாதியில் டேபை மூடி, மறுபடி திறந்து பாருங்கள். அதையே மொபைலிலும் ஒருமுறை செய்யுங்கள். 'வெளியேறு' பட்டனை அழுத்தினால் மட்டும் பதிவாகிறது என்றால், அந்தக் குறிப்பை முதல் ஸ்லைடிலேயே பெரிதாகப் போடுங்கள்.